நேற்றைக் கேட்காத கணக்கு

1

சென்ற மாதம் முழங்கால் வலியைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். கையில் தாளோடு வந்த இளம் தாதி, வலி எவ்வளவு என்று ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லச் சொன்னாள். சுகம் கேட்டால் நம்மவர் வாயில் என்ன வருமோ அதுதான் என் வாயிலும் வந்தது, புகழெல்லாம் இறைவனுக்கே என்று. "அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். அவள் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் தாளைப் பார்த்தாள். கூட வந்திருந்த என் மகள், வயது பதினாறு, மடியில் கிடந்த புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமலே "எட்டு" என்று இங்கிலீசில் சொன்னாள்.

எட்டு என்பது சரிதான். இவளுக்குத் தமிழ் கழன்றுகொண்டே போகிறது. சாய்ந்தமருதிலிருந்து அவளுடைய சாச்சி, என் தங்கை, எழுதும் கடிதத்தை நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். ஆனால் உம்மாவின் அல்ஹம்துலில்லாஹ்வை எண்ணாக மாற்ற மட்டும் அவளுக்கு நன்றாகத் தெரியும். அதை அவளுக்குப் பழக்கியவர் அவளுடைய வாப்பா. அவருக்குப் பழக்கியவள் நான்.

இந்த மாரியோடு நாங்கள் இங்கிலாந்துக்கு வந்து பத்து வருடம் ஆகிறது. மூன்று வருடம் என்று சொல்லித்தான் வந்தோம். அந்த முதல் வருடங்களில் நான் ஒரு பெண்ணின் மேல் பட்ட பொறாமையைப் பற்றி ஊரில் யாருக்கும் எழுதியதில்லை. அவளுடைய பெயர் இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எண் மட்டும் தெரியும்.

2

நம் பகுதிக்கு வெளியே இருந்து இதை வாசிப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இலங்கையின் கிழக்கில், கல்முனைப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்து சேருவார். என் கணவரும் அப்படித்தான் வந்தார். அவர் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்துச் சிறப்பாகத் தேறி, ஆசிரியராக இருந்தவர். நானும் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வாப்பா கட்டித் தந்த கல்வீடு என் பெயரில் இருந்தது. உம்மாவும் வாப்பாவும் தங்கைமாரும் அதே வளவில், பின்னாலிருந்த சின்ன வீட்டுக்குப் போயிருந்தார்கள். குசினி மட்டும் ஒன்று.

புது மாப்பிள்ளை வீட்டில் இருக்கும் முதல் வருடம், அந்தக் குசினியில் நடக்கும் முக்கியமான வேலை சமையல் அல்ல. மாப்பிள்ளையின் முகம் பார்ப்பது. தேத்தண்ணிக் கோப்பை காலியாகத் திரும்புகிறதா, அரைவாசியில் திரும்புகிறதா? பள்ளிவாசலால் வந்து செருப்பைக் கழற்றும்போது ஏதாவது கதைத்தாரா? இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டாரா? எல்லாம் உம்மாவின் காதுக்கு வரும். முகம் சரியில்லை என்று முடிவாகிவிட்டால் உம்மா அரிவாளை விட்டுவிட்டு நிமிர்ந்து உட்காருவா. பிறகு விசாரணை பின்னோக்கிப் போகும். நேற்று எப்படி இருந்தார்? நன்றாக இல்லை. அதற்கு முந்தின நாள்? அன்றும் சுமார்தான். அதற்கு முந்தின நாள்? இப்படியே இறங்கி இறங்கி, கடைசியாக அவர் சிரித்த நாளைக் கண்டுபிடிப்பார்கள். அதற்கும் மறுநாளுக்கும் நடுவில்தான் குற்றம் நடந்திருக்க வேண்டும்.

ஒருமுறை அப்படிப் போய் ஒரு வெள்ளிக்கிழமையில் நின்றார்கள். அன்று ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு வந்த விருந்தாளியிடம் வாப்பா, "நம்மட மருமகன், மாஸ்டர்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். படிப்பைச் சொல்லவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அதே விருந்தாளியை வலிந்து கூப்பிட்டு, இறாலும் தேங்காய்ப் பாலில் ஆக்கிய பாலாணமும் வைத்து, மருமகனின் படிப்பை வாப்பா தெரு கேட்கச் சொன்னார். கோப்பை காலியாகத் திரும்பியது.

அந்த வீட்டில் என் முகத்தை யாரும் பார்க்கவில்லை. வீட்டுக்காரிக்கு ஏது முகம்? எனக்கு அப்போதே கொஞ்சம் எரிச்சல் இருந்தது. புதுப் பெண்ணுக்கு வெட்கம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

3

இங்கே வந்ததும் எல்லாம் தலைகீழாகியது. அவருக்குத்தான் பல்கலைக்கழகம், அவருக்குத்தான் உதவிப்பணம், அவர் பெயரில்தான் குடியிருப்பு. என் கடவுச்சீட்டில் நான் கணவரைச் சார்ந்திருப்பவள், வேலை செய்யக்கூடாது என்று முத்திரை குத்தினார்கள். குடியிருப்புக்கு மனுக் கொடுத்த கந்தோரில், சொந்த வீடு உண்டா என்று கேட்டார்கள். நான் நிமிர்ந்து நின்று, உண்டு, வீடு என்னுடையது, இவர் என்னோடு வந்து இருக்கிறவர் என்றேன். நம்மூரில் அது பெருமையான பேச்சு. கந்தோர்க்காரர்களோ, இங்கே இந்த நகரத்திலேயே எனக்கு ஒரு வீடு இருக்கிறது, அதை மறைத்துவிட்டு அரை வாடகைக்கு வருகிறோம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அதைத் தீர்க்க இவர் எத்தனையோ தரம் படியேற வேண்டியதாயிற்று. அதிலிருந்து கந்தோர்களில் நான் வாய் திறப்பதில்லை.

இவருடைய ஆராய்ச்சி மனித மனத்தைப் பற்றியது. மனத்தைப் பற்றி என்றால் அதன் உள்ளே இருப்பதைப் பற்றி அல்ல, அது நாளுக்கு நாள் மாறுவதைப் பற்றி. மனநோய் ஆஸ்பத்திரியிலிருந்து சுகமாகி வீட்டுக்குப் போனவர்கள், ஒவ்வொரு நாளும் இராச் சாப்பாட்டுக்கு முன் ஓர் அட்டையில் தங்கள் மனநிலையைக் குறிப்பார்கள். ஒன்று என்றால் மிக மோசம், ஏழு என்றால் மிக நல்லது. வாரத்துக்கு ஒருமுறை அந்த அட்டைகள் இவருடைய பிரிவின் தபால்பெட்டிக்கு வரும். அட்டையில் பெயர் கிடையாது. எண், ஆணா பெண்ணா, வயது, அவ்வளவுதான். அதை இவர் வீட்டுக்குக் கொண்டுவருவார். நான் வாசிப்பேன், இவர் கணினிக்குப் போகும் தாளில் எழுதுவார். சம்பளமில்லாத வேலைக்கு முத்திரை தடை சொல்லவில்லை.

அப்படித்தான் முப்பத்தொன்று எங்கள் வீட்டுக்குள் வந்தாள். பெண். என் வயது. மற்றவர்கள் நான்கு, நான்கு, ஐந்து என்று ஆமை மாதிரிப் போகும்போது இவள் ஆறிலிருந்து இரண்டுக்கு விழுவாள், இரண்டிலிருந்து எழுந்து ஐந்துக்கு வருவாள். போதாததற்கு ஓரத்தில் பென்சிலால் ஒரு சொல்லும் எழுதுவாள். மழை. அக்கா வரவில்லை. பக்கத்து வீட்டுப் பூனை. எண்ணை மட்டும் எழுதினால் போதும் என்று அட்டையிலேயே அச்சடித்திருந்தது. அந்தச் சொல்லுக்காகவே இவர் காத்திருந்தார் என்று எனக்குப் பட்டது.

அட்டை வரும் நாளில் அவள் அட்டை பிந்திவிட்டால் இவர் முகம் சுருங்கிப் போகும். அவளுடைய எண்களைப் புள்ளி வைத்து இணைத்த கோட்டைப் பெரிதாக வரைந்து சாப்பாட்டு மேசைக்கு நேரே சுவரில் ஒட்டினார். எல்லாருடைய கோட்டிலும் அதுதான் தெளிவான உதாரணமாம். கஃபாவின் படம் தொங்க வேண்டிய சுவர். நான் சோறு பரிமாறும்போதெல்லாம் அவள் மேலே ஏறி இறங்கிக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் அருமையாகக் கிடைத்த இறாலைத் தேங்காய்ப் பாலில் ஆக்கி வைத்தேன். இவர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக் கோப்பையைத் தள்ளினார். நான் உம்மாவின் மகள் அல்லவா? பின்னோக்கிப் போனேன். காலையில் சரியாகத்தான் இருந்தார். நேற்றும் சரி. இன்று பின்னேரம் வந்து அட்டைகளைப் பிரித்தார். பிறகுதான் முகம் மாறியது. எழுந்துபோய் அட்டைகளைப் புரட்டினேன். முப்பத்தொன்று அந்த வாரம் முழுக்க ஒன்றில் கிடந்தாள்.

என் வயிறு எரிந்தது. ஒரு நோயாளிப் பெண்ணின் மேல் இப்படி எரியலாமா என்று அப்போதே தோன்றத்தான் செய்தது. தோன்றினாலும் எரிந்தது. முன்பின் பார்க்காத ஒருத்திக்காக என் புருசன் சோறு இறங்காமல் இருக்கிறார். எனக்காக அவர் ஒரு பிடிச் சோற்றை மிச்சம் வைத்ததாக எனக்கு நினைவில்லை.

4

இவருடைய கணக்கை எனக்குத் தெரிந்த மாதிரிச் சொல்கிறேன். ஏழு அறைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனிதர் ஒவ்வொரு நாளும் ஏதோ ஓர் அறையில் இருக்கிறார். இன்று மூன்றாம் அறையில் இருப்பவர் நாளைக்கு எந்த அறைக்குப் போவார், அதற்கு எவ்வளவு வாய்ப்பு? பல பேருடைய பல நாட்களைச் சேர்த்துப் பார்த்தால் ஓர் அட்டவணை வரும். ஏழுக்கு ஏழு, நாற்பத்தொன்பது கட்டம். அது கையில் இருந்தால், யார் எப்போது விழப்போகிறார் என்று கொஞ்சம் முன்கூட்டியே சொல்லலாம். ஆஸ்பத்திரிக்கு உதவும். நல்ல வேலைதான். நான் மறுக்கவில்லை.

ஆனால் அதில் ஒரு நிபந்தனை இருந்தது. நாளை எங்கே என்பது இன்று எங்கே என்பதை மட்டும் பொறுத்தது. எந்த வாசலால் இந்த அறைக்குள் வந்தார் என்று கணக்குக் கேட்காது. இது எனக்குப் பொறுக்கவில்லை. கணக்கின் மேல் இருந்த கோபமா, கணக்கு நாயகியின் மேல் இருந்த கோபமா, பிரித்துச் சொல்லத் தெரியாது.

"இண்டைக்கு ரெண்டில இரிக்கிற ரெண்டு பேர்" என்றேன். "ஒருத்தி ஆறில இரிந்து விழுந்தவ. மற்றவ ஒண்டில இரிந்து ஏறினவ. உங்கட கணக்கில ரெண்டு பேரும் ஒண்டா?"

"ஒண்டுதான்" என்றார். அவருக்கு அது தெரியாத விசயம் அல்ல. நேற்றையும் சேர்த்துக் கேட்கலாம், ஆனால் நாற்பத்தொன்பது கட்டம் முந்நூற்று நாற்பத்துமூன்றாகும், அவ்வளவு கட்டத்தை நிரப்ப அட்டை போதாது, பேராசிரியர் முதலில் எளியதைச் செய்து காட்டச் சொல்கிறார் என்று விளக்கினார். உம்மாவின் குசினியில் ஒரு வாரத்துக்குப் பின்னால் போவார்களே, அவர்களுக்கு அட்டை போதாமல் போனதா என்று கேட்டேன்.

அவர் பென்சிலை வைத்துவிட்டுச் சிரித்தார். சிரிப்பு நன்றாக இல்லை.

"அந்த வருசம் நான் பட்ட பாடு உனக்குத் தெரியா, புள்ள. தேத்தண்ணி குடிக்கவும் பயம். என்ட முகத்த ஆரும் பாக்காம விட்டாப் போதும் எண்டு இரிந்த நான். அதாலதான் நான் உன்ன ஒண்டும் கேக்கிறதில்ல."

இதை அவர் ஓர் அன்பளிப்பு மாதிரிச் சொன்னார். எனக்கு அது விளங்க நாளெடுத்தது. அப்போது நான் கேட்டது கடைசி வாக்கியத்தை மட்டும்தான். என்னைக் கேட்பதில்லையாம். சுவரில் இருப்பவளைக் கேட்க மட்டும் அட்டை அச்சடித்து அனுப்பலாமாம்.

5

அடுத்த வருடம், நோயில்லாதவர்களின் கோடுகளும் ஒப்பிடுவதற்குத் தேவைப்பட்டன. இவர் தெரிந்தவர்களிடம் எல்லாம் அட்டை கொடுத்தார். எனக்கும் ஒரு கட்டுத் தந்தார். எனக்கும் ஓர் எண் கிடைத்தது. சின்னப்பிள்ளை மாதிரி மகிழ்ந்தேன் என்பதை மறைப்பானேன்?

ஆனால் பென்சிலை எடுத்து உட்கார்ந்தால் கை ஒரே இடத்துக்குத்தான் போனது. ஏழு. இன்று எப்படி என்று கேட்டால், அல்லாஹ் தந்ததற்குப் புகழ் சொல்லித்தான் நமக்குப் பழக்கம். காய்ச்சலில் கிடந்தாலும் அல்ஹம்துலில்லாஹ், கடை எரிந்தாலும் அல்ஹம்துலில்லாஹ். தந்தவனுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு மூன்று, நான்கு என்று புள்ளி குறைக்க முடியுமா? அது நன்றி கெட்டதனம். ஆகவே ஏழு. மறுநாளும் ஏழு.

நடுவில் ஒருநாள் இவர் வாசலிலேயே நின்று, உதவிப்பணத்தை இன்னும் இரண்டு வருடத்துக்கு நீட்டித் தந்திருக்கிறார்கள், தான் ஓம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டதாகச் சொன்னார். ஊருக்குப் போகும் மாதத்தை நான் மனதுக்குள் குறித்து வைத்திருந்தேன். தங்கைக்கு என் வீட்டில்தான் கலியாணம் என்று உம்மா எழுதியிருந்தா. மகள் அந்த வாரம்தான் முதல் தடவையாகக் கனவில் இங்கிலீசில் பேசியிருந்தாள். நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு "அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். அன்று அட்டையில் ஏழு போட்டேன். ஏழு கொஞ்சம் கோணலாக விழுந்தது. கோணலுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

அட்டைகள் எல்லாம் சேர்ந்த பிறகு, ஒருநாள் இவர் என் அட்டைக் கட்டை ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்தார். ஏன் என்று கேட்டேன்.

"உன்ட கோடு மாறவேயில்ல. மாறாத கோட்ட வெச்சி ஒண்டும் செய்ய ஏலா. எடுத்திட்டன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, தன் மனைவி எந்நேரமும் சந்தோசமாக இருப்பது தனக்குப் பெருமைதான் என்றும் சொன்னார். கிண்டல் இல்லை. மனமாரச் சொன்னார்.

முப்பத்தொன்று சுவரிலேயே இருந்தாள்.

6

அந்தக் கோடையில், அட்டை நிரப்பியவர்களுக்கு நன்றி சொல்ல இவருடைய பிரிவில் ஒரு தேநீர் வைத்தார்கள். என்னையும் கூப்பிட்டதால்தான் போனேன். ஒரு மூலையில் கேக் துண்டோடு நின்ற என்னிடம், மெலிந்த, நீல மழைக்கோட்டுப் போட்ட ஒரு பெண் வந்தாள். அட்டைகளை வாங்கும் மனிதரின் மனைவி நீங்கள்தானா என்று கேட்டாள். ஆம் என்றேன். தான் முப்பத்தொன்று என்றாள்.

அவளைப் பற்றி எத்தனையோ கற்பனை செய்து வைத்திருந்தேன். அழகாக இருப்பாள் என்பது அதில் ஒன்று. சாதாரணமாக இருந்தாள். நகம் கடித்திருந்தது. வாராவாரம் அட்டையைத் தானே நடந்து வந்து பெட்டியில் போடுவாளாம். என் கணவர் மாடிப்படியில் அவளைப் பலமுறை கடந்து போயிருக்கிறாராம். சற்று முன்னர்கூட அவளுக்குச் சீனி எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனாராம். யாரென்று தெரியாமலே.

அவளுடைய கோடு எங்கள் சுவரில் இருக்கிறது என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். அதற்குள் அவளே மெல்லச் சொன்னாள். அட்டையை எழுதும்போது சில நாள் தனக்கு என்னை நினைத்துப் பொறாமையாக இருக்குமாம். இவ்வளவு அக்கறையாக மற்றவர்களின் நாளை விசாரிக்கிற மனிதர், வீட்டுக்குப் போனதும் மனைவியை உட்கார வைத்து, இன்று நீ எப்படி என்று கேட்பார் அல்லவா? தன்னிடம் கேட்பது ஓர் அட்டைதான் என்றாள். அதனால்தான் ஓரத்தில் ஏதாவது எழுதினேன், யாராவது வாசிப்பார்களா என்று, என்றாள்.

வாசித்தார் என்று சொன்னேன். என் எரிச்சலையும் மீறிச் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது. நீங்கள் கொடுத்து வைத்தவர் என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் அவளுக்கும் பழக்க தோசத்தில் இறைவனுக்கு நன்றி என்றுதான் பதில் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து பிட்டுக்கு மாக் குழைக்கத் தொடங்கினேன். மகள் அறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் மேசையில் உட்கார்ந்து தாள்களை விரித்தார். கையில் மா ஒட்டியிருக்க, திரும்பாமலே சொன்னேன்.

"முப்பத்தொண்டக் கண்ட நான்."

நாற்காலி தள்ளப்படும் சத்தம் கேட்டது. "எங்க? இண்டைக்கா? எப்பிடி இரிக்கா அவ?"

அந்த ஒரு கேள்விக்காக நான் எத்தனை வருடம் அந்த வீட்டில் சமைத்தேன். அது வந்தது, வந்து என்னைத் தாண்டி அவளிடம் போனது. அவள் நன்றாக இருக்கிறாள், நீங்கள் அவளுக்குச் சீனி கொடுத்தீர்கள் என்று சொல்லலாம்தான். நான் மாக்கையோடு திரும்பினேன்.

"நான் ரெண்டு" என்றேன்.

அவருக்கு உடனே விளங்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். பிறகு மறுபடியும் என் முகத்தை. எங்கள் கலியாணத்துக்குப் பிறகு என் முகத்தை அவர் அவ்வளவு நேரம் பார்த்தது அன்றுதான்.

"ரெண்டா?"

"ஓம். ரெண்டு."

வேறு யாராவது என்றால், ஏன், என்ன நடந்தது என்று கேட்டிருப்பார்கள். அல்லது அழாதே என்றிருப்பார்கள். இவர் கேட்டது வேறு. பயந்த குரலில் கேட்டார்.

"நேத்து?"

உம்மாவின் குசினி என் காதுக்குள் கேட்டது. "நேத்தும் ரெண்டு" என்றேன்.

"அதுக்கு முந்தின நாள்?"

"மூண்டு. மகள் பள்ளிக்கூடத்தால வந்து ஒரு பாட்டுப் படிச்சா. அதால மூண்டு."

அவர் நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். போன மாதம் கேட்டார், சொன்னேன். நோன்பு கேட்டார், சொன்னேன். மாரி கேட்டார். இறங்கி இறங்கி, அவர் வாசலில் நின்று இரண்டு வருடம் நீட்டித் தந்துவிட்டார்கள் என்று சொன்ன அந்த நாளில் வந்து நின்றோம்.

"அண்டைக்கு நீ அல்ஹம்துலில்லாஹ் எண்டுதானே சொன்ன?"

"ஓம். அண்டைக்கு ஒண்டு."

"அதுக்கு முந்தின நாள்?"

"ஆறு" என்றேன். அதைச் சொல்லும்போதுதான் அழுகை வந்தது.

ஆறுக்கும் ஒன்றுக்கும் நடுவில் இருந்தது அவருடைய கையெழுத்து என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பிறகு பழக்க தோசம், கை தானாகப் போய்க் கட்டம் போட்ட தாள் ஒன்றை எடுத்தது. பென்சிலை எடுத்தது. முதல் புள்ளியை வைக்கக் குனிந்தார்.

நான் மாக்கையாலேயே அந்தப் பென்சிலைப் பிடுங்கினேன்.

"எழுதாதீங்க" என்றேன். "கேளுங்க."